எறிந்தேந்திய கைகள்: இராமோ சாமியும் தமிழ்க் கலை வரலாற்றின் ஒரு வெற்றிடமும்

1. முன்னுரை

தமிழர் கலை வரலாற்றை எழுத முற்பட்டோர் இசைக்கும் நாட்டியத்திற்கும் நாடகத்திற்கும் தனித்தனி அதிகாரங்களை ஒதுக்கியுள்ளனர். அண்மைக் காலங்களில் கூத்தும் நாட்டார் பாடலும் அவ்வரலாற்றினுள் இடம்பெற்றுள்ளன. பேராசிரியர் க. கைலாசபதி பாணரையும் புலவரையும் அவர்தம் சமூகப் பின்னணியில் வைத்து ஆராய்ந்தார். பேராசிரியர் கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் ஆற்றுகைக் கலைஞரை நாடகத்தின் தோற்றத்தோடு தொடர்புபடுத்தி நோக்கினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையிலே 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகிய கூத்துக்களை மேடையேற்றியதன் மூலம் கிராமத்து வட்டக்களரிக்குப் பல்கலைக்கழக அரங்கிலே மதிப்புத் தேடித் தந்தார். இவையனைத்தும் பெரும் பேறுகள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், இவ்வரலாறுகளுள் எதனுள்ளும் நுழைய முடியாது வெளியே நிற்கும் கலைஞன் ஒருவன் உளன். தெருவிலும் சந்தையிலும் கோயில் வீதியிலும் பந்துகளை எறிந்து ஏந்தியவன் அவன், கயிற்றின்மீது நடந்தவன், வாளை விழுங்கிக் காட்டியவன், பிற்காலத்திலே சர்க்கஸ் கூடாரத்தினுள் கூலிபெற்று அதே தொழிலைச் செய்தவன். அவனைக் 'கலைஞன்' என்று நாம் அழைப்பதில்லை, 'வித்தைக்காரன்' என்போம். இவ்விரு சொற்களுக்கும் இடையே கிடக்கும் தூரம் எவ்வாறு உண்டாயிற்று என்பதை, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலண்டனில் வாழ்ந்து மறைந்த ஒரு வித்தைக்காரரின் வாழ்வை மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கிலேயர் அவரை 'இராமோ சாமி' என்று அழைத்தனர்.

2. கூத்தின் எல்லைக்குள் வித்தை

எறிந்து ஏந்தும் விளையாட்டு உலகில் மிகப் பழையது. எகிப்தில் பெனி ஹசன் என்னுமிடத்திலுள்ள கல்லறைச் சுவரோவியங்களிலே பெண்கள் பல பந்துகளை எறிந்து ஏந்தும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை அவை. தமிழ் நிலத்திலும் இவ்விளையாட்டு முதலிற் பெண்களுடையதாகவே காட்சி தருகின்றது. பொருநையாற்று மணலிலே மகளிர் பொற்கழங்கு ஆடியதைப் புறநானூற்றின் 36ஆம் பாடல் காட்டும். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை வரியும் கந்துக வரியும் அடுத்தடுத்து வருகின்றன. பெருங்கதையிலும் சீவக சிந்தாமணியிலும் பந்தாட்டம் விரிவாகப் பேசப்படுகின்றது. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை ஒரு பருவமாகவே நிலைபெற்றுவிட்டது. பாடலின் தாளத்திற்கும் காய்கள் கையில் வந்து விழும் கணத்திற்கும் உள்ள இயைபே இவ்விளையாட்டின் உயிர்நாடி எனலாம்.

விளையாட்டாக இருந்தது எப்போது தொழிலாயிற்று என்பது வேறொரு வினா. குறுந்தொகையின் 7ஆம் பாடலில், காற்றில் மோதி ஒலிக்கும் வாகை நெற்றுக்கு, ஆரியக் கூத்தர் கயிற்றின்மேல் ஆடும்போது முழங்கும் பறை உவமையாகின்றது. வேற்றுப்புலத்தினின்று வந்து ஊர்தோறும் ஆடிப் பிழைத்த கூட்டத்தினர் அக்காலத்திலேயே பழகிய காட்சியாக இருந்திருந்தாலன்றி இவ்வுவமை கேட்போருக்குப் பொருள்பட்டிராது. அலைந்து திரியும் தொழில்முறை வித்தைக்காரன் சங்கப் பாடல்களிலேயே நம் முன் வந்து நிற்கின்றான் என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இதனினும் முக்கியமானது சிலப்பதிகார உரையாசிரியரான அடியார்க்குநல்லார் தரும் சான்றாகும். வினோதக் கூத்தின் வகைகளாகக் குரவை, கலிநடம், குடக்கூத்து, கரணம், நோக்கு, தோற்பாவை என்பவற்றை அவர் எடுத்துரைப்பர். இவற்றுட் கலிநடம் என்பது கழாய்க் கூத்து. இன்று நாம் கழைக்கூத்து என்று வழங்குவதே அது. நோக்கு என்பது பாரமும் நுண்மையும் மாயமும் கொண்டது என்பது அவர் தரும் விளக்கம். பாரத்தைத் தாங்குதல், கைநுட்பம், கண்ணை ஏமாற்றும் மாயம் ஆகிய மூன்றையும் ஒரே வகையினுள் அடக்கும் இவ்விளக்கம், சர்க்கஸ் வளையத்தில் நிகழ்வனவற்றுட் பெரும்பகுதிக்குப் பொருந்துவதாகும். குடக்கூத்தோ குடங்களை மேலெறிந்து ஏந்தி ஆடுவது. மாயோன் ஆடியதாகச் சொல்லப்படும் ஆடல் அது. திருநாங்கூர்த் திருப்பதிகளுள் ஒன்றான அரிமேய விண்ணகரத்து இறைவனின் பெயரே குடமாடு கூத்தன் என்பதாகும். எறிந்து ஏந்தும் வித்தையைத் தெய்வத்தின்மீதே ஏற்றிச் சொன்ன மரபு நம்முடையது.

இதனால் ஒன்று புலனாகின்றது. கூத்தையும் வித்தையையும் பிரித்து, ஒன்றை உள்ளேயும் மற்றதை வெளியேயும் வைத்தது பழைய தமிழ் இலக்கண மரபன்று. அப்பிரிவு பின்னர் உண்டானது. அதற்கான காரணங்களை மரபில் மட்டும் தேடாது, சமூக வரலாற்றிலும் குடியேற்ற ஆட்சியின் வரலாற்றிலும் தேடுதல் தகும்.

3. கடல் கடந்த வித்தை

1813ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் பால் மால் என்னும் செல்வர் தெருவில் 'இந்திய வித்தைக்காரர்' என்ற பெயரில் ஒரு குழு காட்சி நடத்தத் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பனியின் வாணிபத்தில் ஈடுபட்ட கப்பலொன்றின் தலைவரே அவர்களை அழைத்து வந்தார். மிளகும் பருத்தித் துணியும் அவுரியும் ஏற்றிச்சென்ற அதே வழியில் மனிதத் திறமையும் ஒரு பண்டமாக ஏற்றிச் செல்லப்பட்டது. அதே கப்பல்களிற் கூலிக்கு வேலைசெய்த லஸ்கர் மாலுமிகள் பலர் இலண்டன் துறைமுகத்திலே கைவிடப்பட்டுத் தெருக்களில் வாடிய காலம் அது. வித்தைக்காரனுக்கும் மாலுமிக்கும் இடையே இருந்த வேறுபாடு, முன்னவனிடம் இலண்டனிலேயே விற்கக்கூடிய ஒரு தொழில் கைவசம் இருந்தமைதான்.

இராமோ சாமி என்ற பெயர் 'இராமசாமி' என்பதன் திரிபு என்பதிற் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. 'சாமி' என்று முடியும் இப்பெயர் வழக்குத் தென்னிந்தியாவிற்குரியது. தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் நிலங்கள் மூன்றுக்கும் பொதுவானது. எனவே அவரைத் தமிழரென நிறுவிப் பெருமை கொள்வது எமது நோக்கமன்று. அலைந்து வாழ்ந்த வித்தைக் குடிகளுக்கு மொழி எல்லைகள் எக்காலத்திலும் பெரிதாக இருந்ததில்லை. தென்னிந்தியத் தெருக்களில் வளர்ந்த ஒரு தொழிலின் பிரதிநிதியாக அவரைக் கொள்வதே பொருத்தமானதாகும்.

அவர் காட்டிய வித்தைகள் பலதிறத்தன. நான்கு பித்தளைப் பந்துகளை ஒருசேர எறிந்து ஏந்துதல், சிறு மணிகளை வாயினுள் இட்டு நாவினாலேயே நூலிற் கோத்து வெளியே எடுத்தல், செப்பிடு வித்தை, வாள் விழுங்குதல் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. 'செப்பிடு வித்தை' என்ற சொல்லை இவ்விடத்துக் கருதிப் பார்க்கலாம். சிறு செப்புக்களைக் கவிழ்த்து அவற்றின் கீழே பந்துகளை மறைத்தும் தோற்றுவித்தும் காட்டும் வித்தை அது. இன்று எவ்வகை ஏமாற்றுக்கும் பொதுப் பெயராகிவிட்ட இச்சொல், ஒரு காலத்திலே குறிப்பிட்ட ஒரு கைத்தொழிலின் பெயராக இருந்தது. தொழிலின் பெயர் வசைச் சொல்லாக மாறியமையே அத்தொழிலாளரின் சமூக நிலை எவ்வாறு தாழ்ந்தது என்பதற்குச் சான்றாகின்றது.

1819இல் இராமோ சாமி அமெரிக்காவிற்குச் சென்று அங்குள்ள நகரங்களில் ஆடினார். மீண்டும் இங்கிலாந்திற்குத் திரும்பி, 1822இல் இலண்டனின் கோபர்க் அரங்கிலே தோன்றினார். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அரங்குகளிலும் பூங்காக்களிலும் ஊரூராகவும் ஆடி வாழ்ந்தார். அவரது பெயர் ஆங்கிலேயரிடையே ஒரு பொதுப் பெயராகவே வழங்கத் தொடங்கிற்று. நாவலாசிரியரான தாக்கரே, 1840களின் பிற்பகுதியில் எழுதிய 'போலிப் பெருமையாளர் நூல்' என்று தமிழிற் கூறத்தக்க தமது நூலில், கத்தியை வாய்க்குள் இட்டு உணவருந்தும் ஓர் இளவரசியைக் கேலி செய்கையில், இராமோ சாமி வாளை விழுங்குவதோடு அதனை ஒப்பிடுகிறார். விளக்கம் ஏதுமின்றி இவ்வொப்புமையைக் கூறத்தக்க அளவிற்கு அவரது பெயர் வீடுதோறும் அறியப்பட்டிருந்தது.

1850 ஓகஸ்ட் மாதம் அவர் இலண்டனிற் காலமானார். அவரை அடக்கஞ் செய்வதற்கும் பணமில்லாத நிலையில், அவரது மனைவி செய்தித்தாள் மூலம் பொதுமக்களிடம் உதவி கோர நேர்ந்தது. 37 ஆண்டுகள் மக்களை வியப்பில் ஆழ்த்திய கைகளுக்கு ஆறடி நிலம் வாங்கவும் வகையிருக்கவில்லை. இதனை ஒரு தனிமனிதனின் துயரக் கதையாக மட்டும் நோக்குவது போதாது. அன்றாடக் காட்சிக்கு அன்றாடக் கூலி என்ற ஏற்பாட்டிலே, உடலே மூலதனமாக இருக்கும் ஒரு தொழிலாளிக்கு முதுமை என்பது முதல் அழிந்துபோன நிலையாகும். ஓய்வூதியமோ, சங்கமோ, சாதி உறவினரின் துணையோ அந்நிய நகரில் அவருக்கு இருக்கவில்லை.

4. ஹாஸ்லிற்றின் வியப்பும் தீர்ப்பும்

இக்குழுவினரின் காட்சியைக் கண்ட ஆங்கிலக் கட்டுரையாசிரியர் வில்லியம் ஹாஸ்லிற், 'இந்திய வித்தைக்காரர்' என்ற புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். அது 1821இல் வெளியான அவரது கட்டுரைத் தொகுதியில் இடம்பெற்றது. 'இந்திய வித்தைக்காரரின் தலைவன்' என்று அதிற் சுட்டப்படுபவர் இராமோ சாமியே என்பது ஆய்வாளர் துணிபு. ஆங்கில உரைநடையின் சிறந்த மாதிரிகளுள் ஒன்றாக அக்கட்டுரை நெடுங்காலம் பயிலப்பட்டு வந்துள்ளது. எழுதியவரின் பெயர் இலக்கிய வரலாற்றில் நிலைத்தது; எழுதப்பட்டவரின் பெயரை ஆய்வாளர் தேடிச் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஹாஸ்லிற்றின் நேர்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பாராளுமன்றத்திற் பிரபுக்கள் தட்டுத்தடுமாறிப் பேசுவதைக் கேட்கும்போது தம்மைப்பற்றித் தாம் கொண்ட நன்மதிப்புச் சிறிதும் குலைவதில்லை என்றும், இவ்வித்தைக்காரரைக் காணும்போதே அது குலைகின்றது என்றும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். தாம் எழுதும் கட்டுரைகளில் எத்தனை பிழைகள், எத்தனை பொருந்தா முடிவுகள் என்று எண்ணி நாணினார். கைத்திறனுக்குத் தப்பமுடியாத ஓர் உரைகல் உண்டு. பந்து கையில் வந்து விழும், அன்றேல் நிலத்தில் விழும். சொல்லாடுவோருக்கு அத்தகைய சோதனை இல்லை. ஓர் அறிவாளி, அடிமைப்பட்ட நாட்டின் உழைப்பாளி ஒருவன் முன்னிலையிலே தன் தொழிலின் தரத்தைக் கேள்விக்குட்படுத்திய அரிய சந்தர்ப்பம் இது.

நுணுகி நோக்கும் கண்ணும் அவருக்கு இருந்தது. முன்பு பார்த்தபோது வித்தைக்காரரின் பாதங்கள் வெறுமையாக இருந்தன என்றும், கால்விரல்களில் இட்ட பெரிய வளையங்கள் கைகள் பந்தாடும் நேரமெல்லாம் தாமே இயங்குவனபோற் சுழன்றுகொண்டிருந்தன என்றும் அவர் பதிவு செய்கிறார். முன்பு பார்த்ததை இவ்வாறு பிரித்துச் சொல்வதிலிருந்து, பின்னைய காட்சியிற் பாதங்களின் கோலம் மாறியிருந்தது என்று ஊகிக்கலாம். அந்நிய அரங்கு கலைஞனின் உடலை எவ்வாறு மாற்றி அமைத்தது என்பதற்கு இச்சிறு குறிப்பு ஒரு தடயம். வாள் விழுங்குவதை மட்டும் காவல்துறையினர் தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்பது அவரது கருத்தாக இருந்தது.

ஆனால் கட்டுரை வியப்போடு முடிந்துவிடவில்லை. வியந்த அதே பேனா பின்னர் தீர்ப்பும் வழங்குகின்றது. கைத்திறன் வேறு, மேதைமை வேறு. உலகில் நிலையான விளைவொன்றை விட்டுச் செல்பவனே பெரியவன். சதுரங்க விளையாட்டில் வல்லவன் உலகைத் தான் கண்டவாறே விட்டுச் செல்வதனாற் பெரியவனாகான் என்று அவர் வாதிடுகிறார். இவ்வாதத்தின்படி வித்தைக்காரனும் பெரியவனாதல் இயலாது. மேற்போக்கில் நியாயமாகத் தோன்றும் இவ்வாதத்தின் அடித்தளத்தில் உள்ளது யாது? கையால் உழைப்பதும் மூளையால் உழைப்பதும் வெவ்வேறு தரத்தன என்ற வர்க்கச் சமூகத்தின் பழைய நம்பிக்கையே அது. நிலையான விளைவு என்பது எழுத்தாக, கல்லாக, சித்திரமாக எஞ்சி நிற்பது என்று வரையறை செய்துவிட்டால், உடலிற் பிறந்து உடலோடு மறையும் கலைகள் அனைத்தும் பெருமையின் எல்லைக்கு வெளியே தள்ளப்படுகின்றன. கூத்தனும் விறலியும் பறையறைந்தவனும் வரலாற்றிலிருந்து நீங்கியமைக்கும் இதுவே காரணம்.

5. கையின் அறிவு

கைத்திறனுக்குள் அறிவு இல்லை என்ற கருத்தை இருபதாம் நூற்றாண்டின் அறிவியல் தகர்த்தது எனலாம். மேலெறியப்பட்ட பந்து வானில் நிற்கும் நேரத்தை இருமடங்காக்க வேண்டுமாயின், எறியும் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். ஏறத்தாழ 31 சென்றிமீற்றர் உயரத்திற்கு எறிந்தால் அரை வினாடி கிடைக்கும். ஒரு வினாடி வேண்டுமாயின் 1.2 மீற்றருக்கு மேல் எறிதல் அவசியம். உயரம் கூடுந்தோறும் கைக்கோணத்தின் மயிரிழைப் பிழையும் பெரிதாகிப் பந்து எட்டாத இடத்தில் விழும். எனவே மூன்று பந்தினின்று ஐந்து பந்துக்குச் செல்வது, இரண்டு பந்தைக் கூட்டும் எளிய செயலன்று.

தகவற் கோட்பாட்டின் தந்தை எனப் போற்றப்படும் அமெரிக்க அறிஞர் குளோட் ஷனன் இவ்வித்தைக்கு ஒரு சமன்பாட்டை வகுத்தார். பந்து பறக்கும் நேரத்தையும் கையில் தங்கும் நேரத்தையும் கூட்டிக் கைகளின் தொகையாற் பெருக்கினால் வருவது, கை வெறுமையாக இருக்கும் நேரத்தையும் பந்து கையில் தங்கும் நேரத்தையும் கூட்டிப் பந்துகளின் தொகையாற் பெருக்கினால் வருவதற்குச் சமம் என்பது அதன் சாரம். ஒற்றைப்படை எண்ணிக்கையிலான பந்துகள் பெரும்பாலும் ஒரு கையிலிருந்து மறுகைக்குக் குறுக்காகச் செல்லும். இரட்டைப்படையாயின் ஒவ்வொரு கையும் தனக்குரிய பங்கைத் தானே எறிந்து ஏந்துவது வழக்கம். ஆகவே நான்கு பந்தாடுதல் என்பது, இடக்கை தனியே இரண்டும் வலக்கை தனியே இரண்டுமாக ஒரே தாளத்திற்கு உழைப்பதாகும். கால்விரல் வளையங்களையும் அவ்வேளையிற் சுழற்றிய இராமோ சாமியின் உடல் எத்தகைய பயிற்சியின் விளைவாக இருந்திருக்க வேண்டும் என்பதை இதனால் உணரலாம். இக்கணக்கைத் தாளிலே எழுதாமல் தோளிலும் மணிக்கட்டிலும் எழுதிவைத்து, தலைமுறைதோறும் கைமாற்றியோர் எழுத்தறிவற்றோர் எனப்பட்ட நாடோடிக் குடியினர்.

6. தெருவிலிருந்து வளையத்திற்கு

இராமோ சாமி வாழ்ந்த காலத்தில் இங்கிலாந்திற் சர்க்கஸ் ஒரு நிறுவனமாக வளர்ந்துகொண்டிருந்தது. பிலிப் ஆஸ்லி என்ற முன்னாட் குதிரைப்படை வீரர் 1768இல் இலண்டனிற் குதிரையேற்றக் காட்சியைத் தொடங்கியதே நவீன சர்க்கஸின் தோற்றமாகக் கொள்ளப்படுகின்றது. நாளடைவில் 42 அடி விட்டமுடைய வளையம் அதற்குரிய அளவாக நிலைபெற்றது. ஓடும் குதிரையின் முதுகில் நிற்பவன் விழாமல் நிற்க ஏற்ற சுற்று அது. குதிரைக் காட்சிகளுக்கு இடையே வித்தைக்காரரும் கயிற்றில் நடப்போரும் கோமாளிகளும் சேர்க்கப்பட்டனர். தெருவில் தன்விருப்பப்படி ஆடிய வித்தைக்காரன் இங்கே முதலாளியின் நேர அட்டவணைக்குக் கட்டுப்பட்ட கூலியாளனாக மாறினான். பட்டறைத் தொழிலாளி ஆலைத் தொழிலாளியாக மாறிய காலமும் இதுவே என்பது தற்செயலன்று.

இந்தியாவில் இந்நிறுவனம் பிந்தியே தோன்றியது. இத்தாலியரான கியாரினியின் சர்க்கஸ் பம்பாயில் நடத்திய காட்சியைக் கண்ட விஷ்ணுபந்த் சத்ரே 1880இல் இந்தியரின் முதலாவது சர்க்கஸை அங்கே தொடக்கிவைத்தார். கேரளத்துத் தலசேரியைச் சேர்ந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியொன்றை நடத்தினார். அவர் வழிவந்த மாணாக்கரே இந்தியச் சர்க்கஸின் முதுகெலும்பாயினர். எம். வி. சங்கரன் 1951இல் ஜெமினி சர்க்கஸைத் தொடக்கினார். 2023இல் தமது 99ஆம் வயதில் அவர் காலமானபோது அத்தலைமுறையின் வரலாறும் ஏறத்தாழ முடிவுற்றது. காட்டு விலங்குகளைக் காட்சிக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு 1998இல் தடைசெய்தது. சிறுவரைச் சர்க்கஸிற் பணிக்கமர்த்துவதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. இவ்விரு நடவடிக்கைகளும் நியாயமானவை. ஆயினும், அவற்றுக்குப்பின் கூடாரத்தில் எஞ்சிய வயதுவந்த தொழிலாளரின் வாழ்வுக்கு மாற்று வழி யாது என்ற வினா உரிய கவனம் பெறவில்லை.

மேலைநாட்டில் வித்தைக்காரன் கலைஞனாக ஏற்கப்பட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. போலந்தில் இன்றுள்ள லெஸ்னோவிற் பிறந்த பால் சின்குவெல்லி 1912இல் இலண்டனில் மன்னர் முன்னிலையில் நடந்த அரங்க நிகழ்ச்சியிற் பங்குபற்றினார். சர்க்கஸ் குடும்பமொன்றில் 1896இல் இரசியாவின் சமாராவிற் பிறந்த இத்தாலியரான என்றிக்கோ ரஸ்தெல்லி பத்துப் பந்துகளை ஆடிக்காட்டிய பெருமைக்குரியவர். யப்பானிய வித்தைக்காரரிடமிருந்து கோலும் பந்தும் கொண்டு ஆடும் முறையை அவர் கண்டு பயின்றார். 1931இல் 34ஆம் வயதில் இறந்த அவருக்குப் பெர்காமோ நகரிற் கல்லறையும் அதன்மீது உருவச்சிலையும் உண்டு. ஒரே தொழில், ஒருவருக்குச் சிலை, மற்றவருக்கு அடக்கச் செலவிற்கு இரவல். திறமையின் அளவு இவ்வேறுபாட்டை விளக்காது. பிறந்த நாட்டின் அரசியல் நிலையே அதனை விளக்கும்.

7. காட்சிப்பொருளும் குற்றவாளியும்

குடியேற்ற ஆட்சி இந்திய வித்தைக்காரனை இருவேறு முகங்களுடன் நோக்கிற்று. இலண்டனில் அவன் வியப்புக்குரிய கீழைத்தேய மர்மம். ஊரிலோ கண்காணிக்கப்பட வேண்டிய நாடோடி. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் நிலையான இருப்பிடமற்று அலைந்து வாழ்ந்த குடிகளைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாக்கிற்று. 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் சென்னை மாகாணத்திலும் அது நடைமுறைக்கு வந்தது. கழைக்கூத்தும் கரணமும் தொழிலாகக் கொண்ட தொம்பர் முதலிய சமூகத்தினரும் அதன் வலையில் அகப்பட்டனர். காவல் நிலையத்திற் பதிவு செய்யாமல் ஊர்விட்டு ஊர் செல்ல முடியாதாயின், ஊரூராய்ச் சென்று ஆடும் கலை எவ்வாறு வாழும்? இந்திய விடுதலைக்குப்பின் 1952இல் அச்சட்டம் நாடு முழுவதும் நீக்கப்பட்டபோதிலும், அது விட்டுச் சென்ற இழிவு எளிதில் நீங்கவில்லை.

இலங்கையும் இவ்வரலாற்றுக்கு வெளியே நின்றதன்று. 1880களில் ஜேர்மனிய வணிகரான கார்ல் ஹாகன்பெக் இலங்கையிலிருந்து யானைகளையும் அவற்றோடு ஆடுநரையும் வித்தைக்காரரையும் ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டுசென்று காட்சிக்கு வைத்தார். அங்கே ஆடலும் வித்தையும் மட்டும் விற்கப்படவில்லை. உண்பதும் உறங்குவதுமான அவர்களது அன்றாட வாழ்வே காட்சியாயிற்று. 1813இன் அரங்கில் இராமோ சாமிக்கு ஒரு பெயராவது இருந்தது. ஹாகன்பெக்கின் காட்சிவெளியில் மனிதர் 'இலங்கையர்' என்ற பொதுப் பெயருக்குள் கரைந்தனர்.

8. வன்னியிலிருந்து நோக்கும்போது

இவ்வரலாற்றைப் பளை போன்றதோர் ஊரிலிருந்து நோக்குவதாற் பயன் யாது என்று வினவப்படலாம். பச்சிலைப்பள்ளியின் தென்னந்தோப்புகளிடையே அமைந்த பளையை 1902இல் வடபகுதிப் புகையிரதப் பாதை அடைந்தது. 1905இல் அப்பாதை கொழும்போடு இணைந்தது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் சர்க்கஸ் கூடாரங்களின் பரவலைத் தீர்மானித்தது புகையிரதமே. தூணும் துணியும் விலங்கும் ஆளுமாகப் பெருஞ்சுமையை நகர்த்த அதனைவிட மலிவான வழி வேறிருக்கவில்லை. நிலையமும் வெளியான நிலமும் அறுவடைக்குப்பின் மக்கள் கையிற் சிறிது காசும் உள்ள இடங்களையே கூடாரங்கள் நாடின. 1990இல் துண்டிக்கப்பட்ட அப்பாதையில், 2014இலேயே புகையிரதம் மீண்டும் பளைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆனையிறவையும் பளையையும் சுற்றி நடந்த போர்கள் ஊர்களையே இடம்பெயர்த்தன. அலைந்து திரிவது வித்தைக்காரனின் தொழிலாக இருந்த நிலை மாறி, அலைவே ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்வான காலம் அது.

எனினும் வன்னி மண்ணிலே எறிதலும் ஏந்தலும் சமநிலையும் முற்றாக மறைந்துவிடவில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலின்போதும் ஏனைய கோயில் விழாக்களின்போதும் ஆடப்படும் கரகமும் காவடியும் அம்மரபின் எச்சங்களே. தலையிற் குடத்தைத் தாங்கிக் கையாற் தொடாமல் ஆடுபவரின் கழுத்திலும் இடையிலும் தொழிற்படுவது, அடியார்க்குநல்லார் குடக்கூத்து என்றும் நோக்கு என்றும் வகுத்த அதே நுண்மைதான். ஆனால் அதனை நாம் பக்தி என்று பதிவு செய்கிறோம். உடற்பயிற்சியாக, கற்றுத் தேர்ந்த தொழிலறிவாகப் பதிவு செய்வதில்லை. யார் யாரிடம் கற்றார், எத்தனை ஆண்டு பழகினார், கூலி யாது, எவ்வயதில் ஆடுவதை நிறுத்தினார், அதன்பின் எவ்வாறு பிழைத்தார் என்ற வினாக்கள் கேட்கப்பட வேண்டும். கூத்துக்கு ஏடுகள் எஞ்சின; ஆதலால் இடப்பெயர்வின் பின்னரும் அதனை மீட்க முடிந்தது. உடலன்றி வேறு ஏடில்லாத கலைகளோ, ஆடியவர் மறைந்த அன்றே மறைகின்றன.

9. முடிவுரை

இதுவரை கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பழந்தமிழ் மரபு வித்தையைக் கூத்தின் ஒரு வகையாகவே கொண்டது. இரண்டாவது, குடியேற்ற ஆட்சியும் அதன் வழிவந்த நடுத்தர வர்க்கக் கலைக்கொள்கையும் வித்தைக்காரனை ஒருபுறம் காட்சிப்பொருளாகவும் மறுபுறம் குற்றவாளியாகவும் ஆக்கிக் கலைஞர் வரிசையினின்று நீக்கின. மூன்றாவது, கைத்திறனில் அறிவு இல்லை என்ற கருத்து அறிவியல் நோக்கிலும் நிலைக்கத் தக்கதன்று.

நிலையான விளைவை விட்டுச் செல்பவனே பெரியவன் என்ற ஹாஸ்லிற்றின் அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். இராமோ சாமியைக் கண்டிராவிடில் அவர் அக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டார். இருநூறு ஆண்டுகளாகப் பயிலப்படும் ஓர் உரைநடைப் படைப்பில், நான்கு பித்தளைப் பந்துகளின் உழைப்பும் கலந்துள்ளது. அவ்வுழைப்பிற்கு உரியவரின் பெயரை வரலாற்றிற் சேர்ப்பது இரக்கத்தின்பாற்பட்டதன்று, கணக்கைச் சரிசெய்வதாகும். அப்பணியை இலண்டனின் பழைய செய்தித்தாள்களில் மட்டும் தேடி முடித்துவிட முடியாது. நம் ஊர்க் கோயில் வீதிகளில் இன்றும் குடம் தாங்கி நிற்கும் முதியோரிடம், அவர்கள் வாழும் காலத்திலேயே கேட்டு எழுதுவதினின்று அது தொடங்குதல் வேண்டும்.